சங்கிலியை எண்ணாதீர்கள், பாரத்தை நிறுங்கள்

விக்ரோரியா தின விடுமுறை வந்துவிட்டால் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து வீட்டு வாசல்களில் ட்ரெயிலர்கள் வந்து நிற்கும். பனிக்காலம் முழுக்க எங்கோ ஒரு காணியில் தார்ப்பாய் போர்த்துக் கிடந்தவை, தூசு தட்டிச் சாமான் ஏற்றிப் புறப்படத் தயாராகும். கூடவே ஒரு வசனமும் புறப்படும். "அஞ்சாவது வளையத்தில சங்கிலியைக் கொழுவு. போன வருசமும் அப்பிடித்தான் போட்டது. ஒண்டும் நடக்கேல்லை." இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் கூடாரம் அடித்துத்தான் பிள்ளைகளோடு அல்கொன்குவினுக்கும் சாண்ட்பாங்ஸுக்கும் போனோம். இன்று பிள்ளைகள் கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ள ட்ரெயிலர் வாங்குகிறார்கள். வாங்கட்டும், நல்லாய் அனுபவிக்கட்டும். ஆனால் ஆறாயிரம் றாத்தல் பெட்டி ஒன்றை ஒரு குண்டின் மேல் கொழுவிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் நூறில் ஓடும்போது, அந்தக் கொழுவல் சரியா என்று கேட்பவர்கள் குறைவு. விற்றவர் கேட்பதில்லை. அரசாங்கம் கேட்பதில்லை. பின் ஆசனத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் நாங்களாவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முப்பது வருடம் லொறி திருத்தும் கராஜில் அச்சுக்கும் பிறேக்குக்கும் கீழே படுத்துக் கிடந்தவன் என்பதால் இதைக் கதைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் இந்தச் சாமான் என்ன என்று பார்ப்போம். ட்ரெயிலரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டத்தை நாக்கு என்பார்கள். அந்த நாக்கு வாகனத்தின் பின்னால் உள்ள குண்டின் மேல் வந்து உட்காரும். அது குண்டை அழுத்தும் பாரம்தான் நாக்குப் பாரம். ஆறாயிரம் றாத்தல் ட்ரெயிலரில் அது எழுநூறு றாத்தல் என்று வையுங்கள்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தச் சூத்திரம் தேவையில்லை, கிணற்றடித் துலா போதும். துலாவில் ஏறி ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் எழும்பும். அதுபோல, வாகனத்தின் பின் அச்சுக்கு வெளியே, வாலில், பாரத்தை வைத்தால் மூக்கு எழும்பும். பின் அச்சிலிருந்து குண்டு 5 அடி தூரம், முன் அச்சு 10 அடி தூரம் என்றால் கணக்கு இது: வாலில் 700 றாத்தல் அழுத்தும்போது முன் அச்சிலிருந்து 350 றாத்தல் கழன்றுவிடும். பின் அச்சில் 700 அல்ல, 1,050 றாத்தல் ஏறும். ஸ்ரியறிங் பிடிப்பதும், பிறேக்கின் பெரும் பங்கைச் சுமப்பதும் முன் சில்லுகள். அவற்றிலிருந்து 350 றாத்தலைத் தூக்கிவிட்டால் வாகனம் சொன்ன சொல் கேட்குமா?

இதற்குத்தான் பாரம் பகிரும் ஹிட்ச் வந்தது. குண்டுக்குக் கீழேயிருந்து இரண்டு தடித்த ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கி நீண்டு, ட்ரெயிலர் நாக்கின் இரு பக்கத்திலும் சங்கிலியாலோ தாங்கியாலோ இழுத்துக் கட்டப்படும். வளைந்த கம்பி நிமிரப் பார்க்கும். அந்த எத்தனத்தில் வாகனத்தின் வாலைத் தூக்கி, பாரத்தின் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கைப் பின்னால் ட்ரெயிலரின் அச்சுக்கும் அனுப்பும். மேலே சொன்ன வாகனத்தில், ட்ரெயிலர் அச்சு குண்டிலிருந்து 16 அடி தூரம் என்று வைத்து, முன் அச்சு இழந்த 350இல் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் கம்பியை இறுக்கினால், முன் அச்சுக்கு 175 றாத்தல் திரும்ப வரும், ட்ரெயிலர் அச்சுக்கு ஏறக்குறைய 83 றாத்தல் போகும், பின் அச்சிலிருந்து 258 றாத்தல் இறங்கும். நல்ல சாமான். யோசித்துச் செய்த சாமான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்றால், இந்தச் சாமானைச் சகல நோய்க்கும் மருந்தாக விற்கிறார்கள். "ட்ரெயிலர் வாலாட்டுதா? இந்த ஹிட்ச்சைப் போடு, நிண்டிடும்." இப்படித்தான் எங்கள் ஆட்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இது பிழை. ஆபத்தான பிழை.

ட்ரெயிலர் ஏன் வாலாட்டுகிறது? அதன் பாரத்தின் மையம் அச்சுக்கு முன்னால் போதிய தூரத்தில் இருந்தால், காற்று தட்டினாலும், பெரிய லொறி ஒன்று முந்திப் போகும்போது பக்கவாட்டில் தள்ளினாலும், ஒன்றிரண்டு தரம் அசைந்து தானாக அடங்கும். மையம் பின்னால் போகப் போக அந்த அடக்கம் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். அதன்பின் நாய் வாலை ஆட்டுவதில்லை, வால் நாயை ஆட்டும். ஓடும் பட்டி மேல் பொம்மைக் கார் ஒன்றும் ட்ரெயிலர் ஒன்றும் வைத்து இதைக் காட்டுவார்கள். பாரக் கட்டிகளை முன்பக்கம் வைத்துக் கையால் தட்டினால் அசைந்து நிற்கும். அதே கட்டிகளைப் பின்பக்கம் நகர்த்தித் தட்டினால் இரண்டு மூன்று வீச்சில் கார் குறுக்கே திரும்பிவிடும். கட்டியின் எடையும் பட்டியின் வேகமும் மாறவில்லை. இடம்தான் மாறியது.

அதனால்தான் வட அமெரிக்காவில் இந்த வகை ட்ரெயிலருக்கு, சாமான் ஏற்றிய மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை நாக்கில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் உதாரணத்தில் 6,000க்கு 700, அதாவது பன்னிரண்டு வீதத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல நிலை. இனிக் குடும்பம் புறப்படட்டும். பிள்ளைகளின் நாலு சைக்கிளும் தாங்கியுமாக 150 றாத்தலைப் பின் பம்பரில், அச்சுக்கு 12 அடி பின்னால் கட்டுகிறார்கள். அது நாக்கை 112 றாத்தல் அளவுக்குத் தூக்கும். பார்க்கில் தண்ணீர்க் குழாய் தூரம் என்று 150 லீற்றர் தாங்கியை வீட்டிலேயே நிரப்புகிறார்கள். அது 330 றாத்தல். தாங்கி அச்சுக்கு 4 அடி பின்னால் இருந்தால் இன்னும் 82 றாத்தல் நாக்கிலிருந்து போகும். இப்போது நாக்கில் இருப்பது 506. மொத்தம் 6,480. நூற்றுக்கு எட்டும் இல்லை! யாரும் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் செய்யவில்லை. சைக்கிள் கட்டினார்கள், தண்ணீர் நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

இந்த ட்ரெயிலருக்கு உலகத்திலேயே விலை கூடிய ஹிட்ச்சைப் போட்டாலும் பாரத்தின் மையம் ஓர் அங்குலமும் முன்னுக்கு வராது. கம்பி பாரத்தை அச்சுகளுக்கிடையே பகிரும், பெட்டிக்குள் சாமானை நகர்த்தாது. உராய்வால் அசைவைப் பிடிக்கும் கம்பிகள் சில ஹிட்ச்சில் கூடவே வரும். அவை வாலாட்டத்தைத் தணிக்கும், உண்மை. காய்ச்சலுக்குப் பனடோல் போட்டால் சூடு தணிகிற மாதிரி. கிருமி உள்ளேதான் இருக்கும். இன்னும் சொன்னால், தணித்து வைப்பதால் சாதாரண நாளில் நோய் வெளியே தெரியாது. காற்றடிக்கும் நாளில், இறக்கத்தில், லொறி முந்தும் கணத்தில் ஒரேயடியாகத் தெரியும். புதிய வாகனங்களில் வரும் இலத்திரனியல் வாலாட்டக் கட்டுப்பாடும் அப்படித்தான். அசைவு தொடங்கிய பிறகு பிறேக்கைத் தட்டி அடக்கப் பார்க்கும். தொடங்காமல் வைப்பது ஏற்றுகிறவரின் கையில்.

அடுத்து விற்பவர்களுக்கு வருகிறேன். மகள் குடும்பம் ட்ரெயிலர் எடுத்தபோது நானும் கூடப் போனேன். ஹிட்ச்சைப் பூட்டிய பையன் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நேராக இருக்கிறது" என்றான். அளவு நாடா இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான். வெற்று ட்ரெயிலர், தாங்கியில் தண்ணீர் இல்லை, சாமான் இல்லை, வாகனத்தில் சாரதி ஒருவர்தான். அந்த நிலையில் "நேர்" என்று பார்த்துப் பூட்டியதை, ஆறு பேரும் ஆயிரம் றாத்தல் சாமானும் ஏறிய பிறகும் சரி என்று எப்படி நம்புவது? பையனில் பிழை சொல்ல மாட்டேன். அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அப்படிப் பழக்கிய வியாபாரத்தில்தான் பிழை.

அதே வியாபாரம் இன்னும் இரண்டு எண்களைக் காட்டி எங்களை மயக்குகிறது. ஒன்று, ட்ரெயிலரின் வெற்று நிறை. தண்ணீர், சாப்பாடு, சட்டி பானை, கதிரை, நிரப்பிய கேஸ் சிலிண்டர் ஒன்றும் சேராத நிறை அது. அந்த நிறையில் யாரும் விடுமுறைக்குப் போவதில்லை. மற்றது, வாகனத்தின் இழுவைத் திறன். "உங்கட வாகனம் 7,500 இழுக்கும் சேர், இது 6,000தான்." இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒரு சிறு ஒட்டி இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து இவ்வளவு நிறைக்கு மேல் ஏற்றாதே என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அந்த ஒட்டியில் 1,350 றாத்தல் என்று வையுங்கள். தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், ஒரு அம்மம்மா: சேர்த்து 700. நாக்குப் பாரம் 700. ஹிட்ச்சின் சொந்த நிறை ஒரு 90. மொத்தம் 1,490. கம்பி 83 றாத்தலை ட்ரெயிலர் அச்சுக்கு அனுப்பினாலும் 1,407. ஐஸ் பெட்டியையும் நிலக்கரி மூட்டையையும் இன்னும் ஏற்றவேயில்லை. இழுவைத் திறனில் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் இருக்கும் வாகனம், சுமக்கும் திறனில் ஏற்கனவே தோற்றுவிட்டது. விற்பவர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொன்னார். நெடுஞ்சாலையில் இந்தப் பாதி உண்மை போதாது.

இனி எங்கள் ஆட்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் எல்லாம் தெரிந்த ஒரு அண்ணர் இருப்பார். அவருடைய வைத்தியம் எப்போதும் ஒன்றுதான்: "இன்னும் ஒரு வளையம் இறுக்கு." இறுக்கினால் நல்லது, இன்னும் இறுக்கினால் இன்னும் நல்லது என்பது அவர் எண்ணம். இதுவும் பிழை. கம்பியை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் வாகனத்தின் பின் அச்சிலிருந்து தேவைக்கு அதிகமாகப் பாரம் கழன்றுவிடும். வளைவில், அவசரமாக ஒதுங்கும்போது, பின் சில்லு பிடிமானம் இழந்து வழுக்கப் பார்க்கும். அதுவும் ட்ரெயிலர் பக்கவாட்டில் தள்ளும் நேரத்தில். இதனால்தான் பல தயாரிப்பாளர்கள் முன் அச்சு இழந்ததை முழுவதும் திருப்பிக் கொடுக்கச் சொல்வதில்லை. பாதி போதும் என்று சொல்லும் கையேடுகள் உண்டு. வேறு அளவு சொல்லும் கையேடுகளும் உண்டு. சில வாகனங்களின் கையேடு இந்த வகை ஹிட்ச்சே பூட்டாதே என்கிறது. ஆகவே அண்ணரிடம் கேட்க முதல் கையேட்டைக் கேளுங்கள். அது கையுறைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும்.

இன்னொரு வாதம் ஐரோப்பாவில் இருந்து வரும். "ஜேர்மனியில மச்சான் சின்னக் காரில கரவான் இழுக்கிறார். நாக்கில நூறு கிலோவும் இல்லை. உங்கட பத்து வீதம், பதினைஞ்சு வீதம் எல்லாம் கனடாக்காரரின்ர கதை." இந்த வாதத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. அங்கே நாக்குப் பாரம் குறைவுதான். ஆனால் மச்சான் எந்த வேகத்தில் ஓடுகிறார் என்று கேளுங்கள். ஜேர்மனியில் ட்ரெயிலர் இழுக்கும் காருக்கு ஓட்டோபானில் 80 கிலோமீற்றர்தான் எல்லை. தனி அனுமதி எடுத்தால் 100. லண்டன் பக்கத்துச் சொந்தக்காரர் என்றால் மோட்டர்வேயில் 60 மைல், அதாவது 96 கிலோமீற்றர். அங்கத்தைய கரவான் எங்கள் ட்ரெயிலரைவிடப் பாரம் குறைந்தது. பாரமான சாமான்களை நடு அச்சுக்குக் கிட்ட அடுக்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். வாலாட்டத்துக்கு முதல் எதிரி குறைந்த வேகம். அந்த எதிரியை அவர்கள் சட்டத்தால் கூட வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர்களின் நாக்குப் பாரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வேகத்தில் ஓட முடியாது. மச்சானின் கணக்கு வேண்டுமென்றால் மச்சானின் வேகமும் வேண்டும்.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்ய வேண்டும்? இரண்டு சாமான் போதும்: ஒரு அளவு நாடா, ஒரு தராசு.

சமதரையில் வாகனத்தையும் ட்ரெயிலரையும் நிறுத்துங்கள். போகும் நாளில் எப்படி ஏற்றுவீர்களோ அப்படியே சாமானை ஏற்றுங்கள், எண்ணெய் நிரப்புங்கள், ஆட்கள் ஏறட்டும். ரயர்களின் காற்றைப் பாருங்கள். இறங்கிய ரயரின் பக்கம் நெளிந்து கொடுக்கும், வாலாட்டத்துக்கு அதுவும் ஒத்தாசை. ட்ரெயிலரைக் கொழுவ முன் வாகனத்தின் முன் மட்காட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். 90 சென்ரிமீற்றர் என்று வைப்போம். பிறகு கம்பி போடாமல் ட்ரெயிலரைக் கொழுவி அளவுங்கள். 93. மூக்கு 3 சென்ரிமீற்றர் எழும்பியிருக்கிறது. பிறகு கம்பியைப் போட்டு அளவுங்கள். கையேடு பாதி என்று சொன்னால் 91.5 வர வேண்டும். வராவிட்டால் வளையத்தை மாற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் ஹிட்ச் தலையின் சரிவை மாற்றுங்கள். ட்ரெயிலரும் தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். வளையத்தின் எண் இந்த அளவுகளுக்குப் பின்னால் வரும் விடை. போன வருசத்து விடையை இந்த வருசத்துக் கணக்குக்கு எழுத முடியாது.

கம்பியின் பலமும் நாக்குப் பாரத்துக்குப் பொருந்த வேண்டும். பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றிய சாமானையும் அதோடு சேர்த்துத் தெரிய வேண்டும். பலம் குறைந்த கம்பி வளைந்தே போகும், வேலை செய்யாது. கம்பியைக் கொழுவும்போது, கொழுவிய ட்ரெயிலரின் நாக்கு ஜக்கால் வாகனத்தின் வாலையும் சேர்த்துத் தூக்கிவிட்டு, இறுக்கம் தளர்ந்த பிறகே சங்கிலியைப் போடுங்கள். உடம்புப் பலத்தால் இழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். கை தவறினால் அந்தக் கம்பி முழங்காலை முறிக்கும்.

நாடா வீட்டு வேலை. தராசு வழியில். நெடுஞ்சாலையோரம் லொறிகள் எண்ணெய் அடிக்கும் பெரிய நிலையங்களில் பொதுத் தராசு உள்ள இடங்கள் உண்டு. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெயிலர் அச்சு என்று மூன்றையும் தனித்தனியாக நிறுத்துச் சீட்டுத் தருவார்கள். குடும்பத்தோடு ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. மூன்று தரம் நிறுங்கள். கம்பி போட்டு ஒரு தரம், கம்பி கழற்றி ஒரு தரம், ட்ரெயிலரைக் கழற்றி விட்டு வாகனத்தைத் தனியாக ஒரு தரம். இரண்டாவது சீட்டில் வாகனத்தின் இரு அச்சும் சேர்ந்த நிறையிலிருந்து மூன்றாவது சீட்டின் நிறையைக் கழித்தால் வருவதுதான் உண்மையான நாக்குப் பாரம். முன் அச்சு தனியே 2,900, கம்பியில்லாமல் 2,550, கம்பியோடு 2,725 என்றால் இழந்த 350இல் 175 திரும்பியிருக்கிறது, பாதி. இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. எங்கள் காலத்து ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கு போதும்.

நாக்குப் பாரம் பத்து வீதத்துக்குக் கீழே வந்தால் ஹிட்ச்சைத் தொடாதீர்கள், சாமானைத் தொடுங்கள். சைக்கிளைப் பின் பம்பரிலிருந்து இறக்குங்கள். தண்ணீரைப் பார்க்கில் போய் நிரப்புங்கள். பாரமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். இரண்டு முனையிலும் பாரம் வைத்துவிட்டு "சமன் செய்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். முனையில் உள்ள பாரம் அசையத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

அரசாங்கத்தையும் விடப்போவதில்லை. ஒன்ராறியோவில் கார் ஓட்டும் சாதாரண ஜி வகுப்பு அனுமதிப்பத்திரம் உள்ளவர், மொத்த நிறை 11,000 கிலோவுக்குள் இருந்தால், 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம். பத்தாயிரம் றாத்தலுக்கு மேல்! அந்த அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சையை வெறும் காரில் எடுத்திருப்பார். ட்ரெயிலரோடு பின்னுக்கு எடுக்கவும் தெரிய வேண்டியதில்லை, நாக்குப் பாரம் என்றால் என்ன என்றும் தெரிய வேண்டியதில்லை. 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்குப் பிறேக் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் அந்த இரும்புக்குச் சட்டம் போட்டவர்கள் அதை இழுக்கும் மனிதருக்கு அரை நாள் வகுப்பாவது வைக்கக் கூடாதா? கடையில் ட்ரெயிலர் கைமாறும்போது, ஏற்றிய நிலையில் நிறுத்த சீட்டு ஒன்று இல்லாமல் இழுக்கக் கூடாது என்று ஒரு விதி போடக் கூடாதா? செலவு கூடும் என்பார்கள். எழுபதாயிரம் டொலர் வாகனமும் நாற்பதாயிரம் டொலர் ட்ரெயிலரும் வாங்குபவருக்கு ஒரு தராசுச் சீட்டின் செலவு பெரிதா?

அதுவரை ஒருவேளை வாலாட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனதில் முதலில் தோன்றுவது அநேகமாகப் பிழையாக இருக்கும். வாகனத்தின் பிறேக்கை ஊன்றி மிதிக்கக் கூடாது. மிதித்தால் முன்னால் வாகனம் தயங்கும், பின்னால் ட்ரெயிலர் தள்ளும், மடிந்துவிடும். ஸ்ரியறிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெட்டி அசைவைத் துரத்தக் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் காலை எடுத்து, ட்ரெயிலர் பிறேக்குக்கென்று முன்னால் உள்ள கொன்ரோலரின் கைப்பிடியை மெல்லத் தள்ள வேண்டும். ட்ரெயிலர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, வரிசை நேராகும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போக வேண்டும். அதைப் பழக வெறும் வாகனத் தரிப்பிடம் போதும். அடங்கிய பிறகு "தப்பிவிட்டோம்" என்று தொடர்ந்து ஓடாமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஏன் நடந்தது என்று தேடுங்கள். காரணம் பெட்டிக்குள் எங்கோ பின்பக்கம் இருக்கும்.

என் வயதொத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்கு இதெல்லாம் விளங்காது, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளுவினம்" என்று ஒதுங்காதீர்கள். ஊரில் மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியபோது, முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் எழும்பும் என்று தெரிந்து, முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி ஏற்றிய தலைமுறை நாங்கள். அந்த அறிவைத்தான் இங்கே கேட்கிறார்கள். சாமான் மாறியிருக்கிறது, துலாக் கணக்கு மாறவில்லை.

மகனோ மருமகனோ சாவியைக் கையில் எடுக்கும்போது ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நாக்கில எத்தினை றாத்தல்?" எண் சொன்னால் ஏறி உட்காருங்கள். "எல்லாம் சரியாய் இருக்கு" என்று சொன்னால், போகும் வழியில் முதல் தராசில் நிறுத்தச் சொல்லுங்கள். தராசுக் காசை நீங்களே கொடுங்கள்.